மங்கா அத்தையும் முனுசாமி-சானும்

1

நகோயாவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"ஹரிணி, சாப்பிட வர்றியா?" என்று குரல் கொடுத்தேன். வழக்கமாக இதற்கு ஜப்பானிய மொழியில் பதில் வரும், அல்லது பதிலே வராது. அன்று மகளின் அறைக்குள்ளிருந்து தமிழில் வந்தது.

"நான் அப்பவே துன்ட்டேம்மா!"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஜப்பானில் பிறந்து வளர்ந்த பிள்ளை தமிழில் பதில் சொன்னால் பெற்றவள் பூரித்துப்போக வேண்டாமா? பூரித்திருப்பேன், அந்தத் தமிழ் என்னிடமிருந்து போயிருந்தால். ஞாயிறுதோறும் காலையில் அவளைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்த தமிழில் 'துன்ட்டேன்' கிடையாது. 'சாப்பிட்டேன்' உண்டு. 'உணவருந்தினேன்' கூட உண்டு. ழகரத்துக்கு மட்டும் ஒரு குளிர்காலம் முழுவதையும் செலவழித்திருக்கிறோம். "அம்மா வாயைப் பார். நாக்கை மடக்கு. ம்ஹூம், இன்னொரு முறை." பிள்ளை 'வாரைப்பரம்' என்பாள். "இன்னொரு முறை." கடைசியில் வாழைப்பழம் வந்துவிட்டது. ஆனால் அவள் என்னோடு தமிழில் பேசுவது நின்றுவிட்டது.

'துன்னு' எந்த ஊர்ச் சொல் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆந்திர எல்லையில் நான் பிறந்த நகரியில் தெருவுக்குத் தெரு அதுதான். சென்னைக்குப் படிக்கப்போன முதல் வாரத்தில் விடுதித் தோழிகள் சிரித்த சிரிப்பில் அதை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டவள் நான். அதை இறக்கிப் பிரித்து என் மகள் கையில் கொடுத்தது யார்?

"யாரு சொல்லிக்குடுத்தா உனக்கு இதை?"

ஒரு காதில் இயர்போனோடு கதவிடுக்கில் ஹரிணியின் முகம் தெரிந்தது. "அத்தை," என்றாள். கதவு மூடிக்கொண்டது.

அத்தை என்றால் என் தம்பி குமாரின் மனைவி ரேவதி. திருப்பதியில் இருக்கிறாள். எனக்கு வயிறு எரியத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். நாகரிகமான வேறு சொல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இது பொறாமைதான். பெருந்தன்மையை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

மற்றதைச் சொல்வதற்கு முன் என் பெயர் விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சுகுணா. ஜப்பானில் அது அநேகமாக யாருக்கும் தெரியாது.

பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டும் என்றார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா பெயரை எழுதினேன். அந்தக் கட்டம்தான் இங்கே நான். 'சான்' என்பது இங்கே மரியாதைக்குப் பெயரோடு ஒட்டுவது. பல் மருத்துவமனை ஒலிபெருக்கியில் "முனுசாமி-சான், உள்ளே வரவும்" என்று அழைக்கிறார்கள். தபால்காரர் வாசலில் நின்று "முனுசாமி-சான்!" என்கிறார். நான் வேலை செய்யும் டிபன் கடையில், மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குக் காய் நறுக்கும் வரிசையில், என் ஏப்ரனில் முனுசாமி என்று எழுதி ஒட்டியிருக்கிறது. நகரியில் விசைத்தறி ஓட்டிய என் நைனா, ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் போய்ச் சேர்ந்தவர். அவர் பெயரைத்தான் இந்த ஊர் நாள் முழுக்கக் குனிந்து வணங்கி அழைக்கிறது.

ஒருமுறை வார்டு அலுவலகத்தில் இதைச் சரிசெய்யப் பார்த்தேன். இது என் தகப்பனார் பெயர், என் பெயர் இல்லை என்றேன். அங்கிருந்த இளம்பெண் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். "அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் எது?" என்றாள். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உள்ளே போய்ப் பெரியவர்களிடம் கலந்து பேசிவிட்டு வந்து, இடுப்பு மடியக் குனிந்து சொன்னாள்: "நன்றாகப் புரிந்தது, முனுசாமி-சான்."

இங்கே ஒருவரைக் குடும்பப் பெயர் சொல்லி அழைப்பதுதான் மரியாதை, பழக்கம், எல்லாம். சொந்தப் பெயரைச் சொல்லி அழைப்பது வேறு சங்கதி. வருடக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள்கூட அந்தக் கோட்டைத் தாண்டமாட்டார்கள். தாண்டினால் அதற்கு அர்த்தம் உண்டு. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

3

நான் மங்கா விமர்சனம் எழுதுகிறவள். மங்கா என்றால் ஜப்பானியப் படக்கதைப் புத்தகம். சென்னையிலிருந்து வரும் ஓர் இணைய இதழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு இந்தியக் கடைகளுக்கு வரும் மங்காக்களை எடுத்துக்கொண்டு, ஜப்பானிய மூலத்தோடு பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு, எங்கே சரியாக வந்திருக்கிறது, எங்கே கோட்டைவிட்டார்கள் என்று சொல்வது என் வேலை. தமிழில் இதைச் செய்ய என்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த மொழியை நான் படித்ததே மங்காவில்தான். சிறுவர்களுக்கான புத்தகங்களில் கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பு போட்டிருப்பார்கள். பழைய புத்தகக் கடையில் அள்ளிக்கொண்டு வந்து படித்தேன். ஒருநாள் அட்டையில் இரண்டு வாலிபர்கள் பேஸ்பால் மட்டையோடு நின்றார்கள். விளையாட்டுக் கதை என்று வாங்கிவந்தேன். பாதிப் புத்தகம் வரை யாரும் பந்தைத் தொடவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்படித்தான் எனக்கு 'பாய்ஸ் லவ்' அறிமுகமானது. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைகள், பெரும்பாலும் பெண்கள் எழுதிப் பெண்களே படிப்பவை. அதில் குப்பையும் ஏராளம். உயரமானவன் முறைப்பான், குட்டையானவன் அழுவான், சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டு அதைக் காதல் என்பார்கள். ஆனால் நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால் மனிதர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை இதைப்போல் வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

அவற்றையும் எழுதினேன். இதழாசிரியர் முதல் கட்டுரையில் 'காதலன்' என்று வந்த இடமெல்லாம் 'நண்பன்' என்று மாற்றிப் போட்டார். சண்டை போட்டேன். இரண்டாவது கட்டுரையில் விட்டுவிட்டார். கட்டுரைகளில் உபதலைப்பு உண்டு, அடிக்குறிப்பு உண்டு. படிக்கிறவர்கள்தான் இல்லை. என் கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் தவறாமல் 'சூப்பர்' என்று போடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது.

4

இப்போது ரேவதி.

சித்தூரைத் தாண்டி, வேலூர் எல்லையை ஒட்டிய குடிபாலாக்காரி. வீட்டில் தமிழ், படிப்பு முழுக்கத் தெலுங்கு மீடியம், பிறகு இங்கிலீஷில் டிகிரி. அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பக்தர்களுக்குச் சாவி கொடுக்கிறாள். மொட்டை அடித்த தலைகள் வரிசையாக வந்து சாவியைத் திருப்பிக் கொடுத்துப் போன பிறகு மத்தியானம் கொஞ்ச நேரம் ஓய்வு. முன்பு ஒருமுறை ஊருக்கு வந்தபோது பொழுது போகட்டும் என்று நான்தான் ஆங்கில மங்கா இரண்டை அவளிடம் விட்டுவிட்டு வந்தேன்.

அவற்றைப் படித்துவிட்டு அவளும் விமர்சனத்தில் இறங்கினாள். என்னைப்போல் எழுதவில்லை, பேசினாள். துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கிவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, படித்த மங்காவைப் பற்றிப் போனில் பேசிப் பதிவு செய்து யூட்யூபில் போட்டாள். முகம் கிடையாது, குரல் மட்டும். 'மங்கா அத்தை' என்று பெயர். நானும் கேட்டேன், ஒன்றுவிடாமல். டிபன் கடைக்குப் போகும் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு, எங்காவது தப்பு செய்யமாட்டாளா என்று கேட்டேன்.

ஒரு பாய்ஸ் லவ் தொடரைப் பற்றி இப்படிச் சொன்னாள்: "இவனுங்க ரெண்டு பேரும் மூணு புக்கு முழுக்கப் பாத்துக்கினே இருக்கானுங்கபா. நம்ம தரிசன கியூவே அதுக்குள்ள நகுந்துடும்." அதே விஷயத்தை நான் 'காலத்தின் மந்தகதி ஓர் உத்தியாக' என்று உபதலைப்பு போட்டு எழுதியிருந்தேன். சுவரோடு அழுத்தும் காட்சிகளைப் பற்றி: "இஷ்டம் இல்லாம கையப் புடிச்சா அதுக்குப் பேரு லவ்வு இல்ல. போலீஸ் கேசு. இத எழுதுன அம்மாவ நேர்ல பாத்தா கேப்பேன்." ரயிலில் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்ததற்காக என்மீதே எரிச்சல் வந்தது.

லாட்ஜில் சிலருக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். ஏழுமலையான் காலடியில் உட்கார்ந்துகொண்டு இதென்ன பேச்சு என்று ஒருவர் கேட்டாராம். "சார், சாமிக்கே ரெண்டு கல்யாணம். லவ்வுன்னா அவருக்குத் தெரியாதா?" என்றாளாம். இதையும் ஒரு பதிவில் சொன்னாள். கீழே வந்திருந்த பதில்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், முடிவே வரவில்லை. அவற்றில் ஒன்றைப் போட்டவர் பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தது. மூன்று சின்ன இதயங்களும் போட்டிருந்தது. என் மகளின் பெயர் அது.

என் கட்டுரை ஒன்றைக்கூட ஹரிணி திறந்து பார்த்ததில்லை.

5

அந்தப் புத்தகம் வந்தது இதற்குப் பிறகுதான். அதன் பெயர் வேண்டாம், கதையைச் சொல்கிறேன். ஒரு சின்ன ஊரில் பேருந்துப் பணிமனை. ஒருவன் ஓட்டுநர், இன்னொருவன் டிக்கெட் அலுவலகத்தில் எழுத்தர். கதை முழுக்க ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரால்தான் அழைத்துக்கொள்கிறார்கள். எழுத்தருக்கு வெளியூர் மாற்றல் வருகிறது. கடைசி நாள் அவன் அந்த ஓட்டுநரின் பேருந்தில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்காருகிறான். அடுத்த நிறுத்தத்தின் பெயரை மைக்கில் அறிவிக்க வேண்டிய ஓட்டுநர், வாய் தவறி அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறான். பேருந்து முழுக்கக் கேட்கிறது. அடுத்த பக்கத்தில் எழுத்தர் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். அவ்வளவுதான்.

ஆங்கில மொழிபெயர்ப்பில் என்ன செய்துவிட்டார்கள் என்றால், முதல் பக்கத்திலிருந்தே இருவரையும் சொந்தப் பெயரால் பேசவிட்டார்கள். கடைசியில் பெயர் சொன்னால் அவன் எதற்கு அழ வேண்டும்? கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. 'ஜப்பானிய விளிப்பு முறையில் நெருக்கத்தின் நான்கு படிநிலைகள்' என்று நீளமாக எழுதி அனுப்பினேன். வெளிவந்தது. 'சூப்பர்' வந்தது.

சில வாரம் கழித்து, அதே புத்தகத்தைப் பற்றி ரேவதி பேசினாள். ரயிலில் கேட்டேன்.

"இத இங்கிலீஷ்ல படிச்சா, பேரு சொன்னதுக்கு எதுக்குடா அழுவுறான்னு தோணும். அவுங்க ஊர்ல பேரு சொல்றது நம்ம மாதிரி இல்ல. நம்ம ஊர் கணக்குல சொல்றேன், கேளு. திருப்பதி பஸ் ஸ்டாண்டுல பசங்க நிக்கிறானுங்க. 'யாடிகி போதாண்டாவ் மாமா'ன்றான், எங்க போறன்னு. ஒருத்தன ஒருத்தன் மாமா, மாமான்றான். ஒரு நாளைக்கு நூறு தபா சொல்றான், ஒண்ணும் இல்ல. பொண்ணும் கட்டிக்கப்போறவன மாமான்றா. அதுவும் அதே வார்த்ததான். இப்போ அந்தப் பசங்கள்ல ஒருத்தன வெச்சிக்கோ. ஒரு நாளு அவன் கூட்டாளி எதிர்ல வந்துகினு இருக்கான். இவன் கூப்டலாம்னு வாயத் தொறக்குறான். மாமான்னு வரல. தெனம் சொன்ன வார்த்த, தொண்டையிலயே நிக்குது. அன்னிக்கித்தான் அவனுக்குத் தெரியுது, இது அந்த மாமா இல்லடா, இந்த மாமான்னு."

இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

என் நான்கு படிநிலைகளும் ஒரு பேருந்து நிலையத்தில் முடிந்துவிட்டன. அத்தனை வருடம் இந்த மொழியோடு மல்லுக்கட்டியவள் நான். ஜப்பானைப் படத்தில் மட்டும் பார்த்தவள் அவள். அந்த 'மாமா' எனக்கு ஏன் வரவில்லை? அவள் பேசுவது நான் பேசி வளர்ந்த பேச்சு. நகரியில் மாமா இல்லையா, பஸ் ஸ்டாண்டு இல்லையா? நிலையத்தில் எதிர்ப்பக்க ரயிலுக்காக நின்றபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆற்றாமை, வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. ரேவதிக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆங்கிலப் புத்தகத்தில் பெயர் விஷயமே கிடையாது. பின் எப்படித் தெரிந்தது? ஒரே வழிதான் இருந்தது. என் கட்டுரையைப் படித்திருக்கிறாள். படித்து, எடுத்து, என் பெயரைக்கூடச் சொல்லாமல் தன் சரக்காகப் போட்டுவிட்டாள்.

நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்கு அதில் ஒரு சந்தோஷம் கூட வந்தது. திருடியாவது என்னைப் படித்தாளே.

6

கோடை விடுமுறைக்கு ஹரிணியோடு ஊருக்கு வந்தேன். திருப்பதியில் தம்பி வீடு. காலையில் நான் எழுந்து வருவதற்குள் என் மகள் அத்தையோடு லாட்ஜுக்குக் கிளம்பியிருப்பாள். ஜப்பானில் பள்ளிக்கு அவளை எழுப்ப நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இங்கே அவள் வரவேற்பு மேசைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்து, "சரே அத்தை", "ஒச்சேசானு அத்தை" என்று, 'சரி'யையும் 'வந்துட்டேன்'ஐயும் தெலுங்கில் கலந்துகட்டினாள். ஒருநாள் நான் அங்கே போய் நின்றபோது ஓர் அம்மாள் ரேவதியிடம், "மீ பாப்பனா?" என்று கேட்டார், உங்கள் பெண்ணா என்று. ரேவதி சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினாள். விளையாட்டுக்குத்தான். எனக்கு அந்த மேசையைப் புரட்டிப்போட வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குமார் தன் வேனில் எல்லோரையும் காணிப்பாக்கம் கூட்டிப்போனான். தரிசனம் முடிந்து வெளியே வந்தோம். ஹரிணி தன் மாமாவோடு பிரசாத வரிசையில் போய் நின்றாள். நானும் ரேவதியும் குளத்துப் பக்கம் நின்றோம். அவளைக் கேட்க இதை விட்டால் வேறு இடம் கிடைக்காது என்று தோன்றியது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் சத்தியத்துக்குப் பேர்போனவர். அண்ணன் தம்பி வழக்கு, கொடுத்தது வாங்கியது, யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் இங்கே கூட்டிவந்து, குளத்தில் முழுகவைத்து, அவர் முன்னால் சத்தியம் கேட்பார்கள். பொய்ச் சத்தியம் செய்தவரை அவர் விடமாட்டார் என்பது நம்பிக்கை. மங்கா விமர்சனத்துக்காக அங்கே சத்தியம் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"ரேவதி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு."

"கேளுங்க அண்ணி."

"அந்த பஸ் கதை பத்திப் பேசினியே. பேர் சொல்ற விஷயம். அது என் கட்டுரைல இருந்து எடுத்ததுதானே?"

"இன்னா கட்டுர?"

"நடிக்காதே. இங்கயே நின்னு, பிள்ளையார் பக்கம் பாத்துச் சொல்லு."

ரேவதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. வந்தால் மறைக்கிற ஆள் இல்லை.

"குளத்துல முழுகிட்டு வரட்டுமா, இல்ல இப்பிடியே சொல்லட்டுமா?"

"இப்படியே சொல்லு."

சன்னதிப் பக்கம் திரும்பி வலது கையை நீட்டினாள். லாட்ஜில் மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. "வரசித்தி விநாயகா! எங்க அண்ணி எழுதுனதுல ஒரு வரிகூட நான் படிச்சதில்ல! இன்னிக்கி வரைக்கும் படிச்சதில்ல! படிச்சிருந்தா என் கண்ணு அவிஞ்சிபோவட்டும்!"

குளத்தில் கால் நனைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

திருடியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "எனக்கு இன்னா அண்ணி தமிழ் படிக்க வரும்? பஸ் போர்டு படிப்பேன், அவ்ளோதான். உங்க தம்பி ஒரு தபா படிச்சிக் காட்றேன்னு ஒக்காந்தாரு. மொத பத்தியிலயே நிறுத்திட்டாரு. அவருக்கே வாய்ல நொழையல."

"அப்போ பேர் விஷயம் உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஹரிணிதான் சொல்லுச்சி. அது இஸ்கூல் வுட்டு வர்ற நேரம் எனக்கு இங்க மத்தியானம். அது ஜப்பான் புக்க வெச்சிக்கும், நான் இங்கிலீஷ் புக்க வெச்சிக்குவேன். பக்கம் பக்கமா சொல்லிக்கினே வரும். தெனம் பேசுவோமே, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நான் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆனா மொத சொன்னப்ப எனக்கு ஏறல அண்ணி. பேரச் சொன்னா இன்னாடி, நாம பொறந்ததுலேந்து பேருதானே சொல்லிக்கினு இருக்கோம்னேன். அப்பதான் உங்க சமாச்சாரத்த சொல்லுச்சி."

"என் சமாச்சாரமா?"

"அதான், டிபன் கடைல உங்க பக்கத்துல நின்னு காய் அரிஞ்ச ஜப்பான் பாட்டி. அந்தம்மா வேலைய வுட்டுப் போற அன்னிக்கி உங்கள 'சுகுணா-சான்'னு கூப்டுச்சாமே. ஒரே ஒரு தபா. நீங்க வூட்டுக்கு வந்து, துணி தொவைக்கிற மெஷின ஓடவுட்டுட்டு அது மேல தலைய வெச்சிக்கினு அழுதீங்களாம். ஹரிணி பல்லு வெளக்கிக்கினு கதவாண்ட நின்னுக்கினு இருந்துச்சாம்." ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத கேட்டப்பறம்தான் அண்ணி எனக்குப் புரிஞ்சிது, அந்த டிக்கெட் குடுக்குற பையன் ஏன் அழுதான்னு. அப்பறம்தான் எனக்கு மாமாவே தோணிச்சி."

அந்த அம்மாள் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, அவ்வளவு நாள் முனுசாமி-சான் என்று அழைத்த வாயால், ஒவ்வோர் எழுத்தாக எடுத்துவைத்துச் சொன்னார். என் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை தெரியாது. அன்று நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கட்டுரையில் அவர் இல்லை. படிநிலைகள் நான்கும் இருந்தன, அவர் மட்டும் இல்லை.

என் அழுகையை என் மகள் பார்த்திருக்கிறாள். பார்த்து, பத்திரமாக வைத்திருந்து, கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்திருக்கிறாள். யாரும் திருடவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"என்கிட்ட பேசியிருக்கலாமே அவ," என்றேன். "இந்தப் புத்தகம் எல்லாம் நானும்தானே படிக்கிறேன். ஒரே வீட்டுல இருக்கோம்."

"அத நானும் கேட்டேன் அண்ணி." ரேவதி கொஞ்சம் தயங்கினாள். அவள் தயங்கி நான் பார்த்ததில்லை. "அம்மாவாண்ட சொன்னா, இன்னா சொல்றேன்னு கேக்கமாட்டாங்க, எப்பிடி சொல்றேன்னுதான் பாப்பாங்கன்னுச்சி."

7

கோயிலுக்கு வெளியே ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். குமாரும் நானும் ஒரு பக்கம், எதிரே ரேவதியும் ஹரிணியும். நான் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். எதிரே இரண்டு பேரும் ஏதோ புதிய புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சமையல்காரனும் ஒரு மீன் வியாபாரியும் வரும் கதை போலிருந்தது. மீன் வியாபாரி தினமும் நல்ல மீனை எடுத்து மறைத்துவைத்து அவனுக்கு மட்டும் கொடுக்கிறான், அதைச் சொல்ல இவர்களுக்கு ஒரு வார்த்தை வேண்டும். எனக்கு ஒரு வார்த்தை தோன்றியது. வாய்வரை வந்தது. அது நல்ல தமிழ்தான், ஆனால் அந்த மேசைக்கு ஆகாது என்று தெரிந்தது. வைத்துக்கொண்டேன்.

ரேவதி ஏதோ சொன்னாள், ஹரிணி விழுந்து விழுந்து சிரித்தாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டு வெகுநாள் ஆகிறது. பெருமூச்சு விட்டுவிட்டு அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சர்வர் வந்து தட்டுகளை எடுக்கலாமா என்று பார்த்தார். ஹரிணி என் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நீ துன்ட்டியா?"

குமாரும் மகளும் என்னைப் பார்த்தார்கள். ரேவதி மட்டும் சட்டென்று குனிந்து சட்னியைப் பார்த்தாள். திருத்துவேன் என்று நினைத்திருப்பாள். மகளும் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள், முகம் லேசாக மூட ஆரம்பித்திருந்தது. வீட்டில் அந்தக் கதவு மூடுவதற்கு முன் அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

"தின்னுட்டேன்," என்றேன்.

ஹரிணியின் கண்கள் பெரிதாயின. ஜப்பானில் பிறந்த என் பெண், மேசைமேல் கையூன்றி என் பக்கம் சாய்ந்தாள்.

"தி இல்லம்மா. து. துன்ட்டேன்."

"தெரியும்டி. நான் நகரிக்காரி."

"அப்போ சொல்லு."

சொன்னேன். எனக்கே கேட்டது, சென்னைக்குப் போய், நகோயாவுக்குப் போய், துவைத்து மடித்து வந்த மாதிரி இருந்தது. குமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ம்ஹூம்," என்றாள் மகள். "அத்தை வாயைப் பாரு."

பார்த்தேன். சித்தூர் மாவட்டத்தில், காணிப்பாக்கத்து ஓட்டலில், நகரியில் பிறந்த நான், வயிறு எரிய எரிய, குடிபாலாக்காரியின் வாயைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெதுவாக, எனக்காக, உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

"துன்ட்டேன்," என்றேன்.

என் மகள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். திருப்தி இல்லை.

"இன்னொரு தபா."